தலைக்கயிறு

சட்டையில் குத்தியிருக்கிற அட்டையில் போலிங் ஏஜென்ட் என்று அச்சடித்திருக்கிறது, கீழே நாச்சிமுத்து என்று பேனாவில் என் பேர், காலையிலிருந்து மோவாய் நெஞ்சில் இடிக்கக் குனிந்து குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏஜென்ட் சரி, ஏஜென்ட் என்றால் தரகன், மாட்டுச் சந்தையில் இத்தனை வருசமாக நான் பார்க்கிற வேலை அதுதான், ஆனால் இந்தப் போலிங், அதற்குள் இருக்கிற இந்தப் போல், அது என்ன சாமான், அதை யார் யாரிடம் வாங்கினார்கள். மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் ஓட்டுப் போட ஒரு சனமும் வரவில்லை. பள்ளிக்கூடத்து மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்றைக் கீழே விடுவதாயில்லை, ஒரு எத்து விடலாம், கால் எட்டாது. எதிர் பெஞ்சில் கிட்டம்மாள், பால் சொசைட்டியில் பால் அளக்கிறவள், நிலக்கடலையை ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறாள். அவள் என் தங்கச்சி வேலாத்தாளுக்கு ஏஜென்ட். நான் கோயில் தர்மகர்த்தா திருமூர்த்தியின் சம்சாரம் சாந்தாமணிக்கு ஏஜென்ட். ஆமாம், தங்கச்சி நிற்கிற வார்டில் தங்கச்சிக்கு எதிராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், சந்தையில் கை கொடுத்தவன் நான், கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் என் ஓட்டை நான் இன்னும் போடவில்லை. சாயங்காலம் பெட்டியை மூடுவதற்குள் போட வேண்டும். அது கிட்டம்மாளுக்கும் தெரியும், ஏனுங் மாமா, ஓட்டு லிஸ்டுல ஊர்ச் சனம் பேருலயெல்லாம் கோடு போட்டுட்டு உங்க பேரை மட்டும் உட்டுட்டீங்களாட்டம் என்று காலையிலேயே ஒரு தடவை குத்தினாள், உன்ர சோலியைப் பாரு என்றேன், இதுதான் என்ர சோலிங் என்கிறாள், பதில் சொல்ல வாயெடுத்தால் பூத்து வேலைக்கு வந்த ஜெசிந்தா டீச்சர் பேசக் கூடாது என்று மைக்குச்சியைக் காட்டுகிறார்.

இந்தப் போல் என்கிற சொல்லோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் கடைசியாக உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பு, இங்கிலீசு எழுத்துகளை லாரிப் பலகையில் பார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டது. ஒரு தடவை மாட்டுக்கு இன்சூரன்சு போடப்போனேன், கலப்பினப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பிறவியிலேயே கொம்பு கிடையாது, எங்கள் பேச்சில் மோழை. கால்நடை டாக்டர் அடையாளங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் கொம்பு என்கிற இடத்தில் போல்டு என்று எழுதியிருக்கிறது. அது தேர்தல் நேரம். டீவிப் பெட்டியில் ராத்திரி பகலாக இத்தனை சதவீதம் போல்டு, அத்தனை சதவீதம் போல்டு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம், படிக்காதவன் என்று எதையோ எழுதிக் கொடுக்கிறான் என்று நினைத்துவிட்டேன், ஏனுங் டாக்டரு, என்ர மாடு எந்தப் பூத்துல போயி ஓட்டுப் போட்டுதுங்க என்று ஆஸ்பத்திரியே கேட்கக் கத்தினேன். அந்த மனுசன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொம்பில்லாத மாட்டுக்கு அதுதான்யா பேரு, போல்னா மண்டை, வெறும் மண்டை என்றார். அப்போது காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், ஆனால் சொல் விடவில்லை. மண்டைக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம். மாடு விற்க ஓட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் அந்த மோழையின் உச்சியைப் பார்த்துக்கொண்டே போனேன், இரண்டு காதுக்கும் நடுவில் மேடாக, மயிர் சுழித்து, கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல். மோழைக்குச் சந்தையில் விலையைத் தட்டித்தான் கேட்பார்கள். பால் குறைவா, இல்லை. சுழி கெட்டதா, இல்லை. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதாம், என்னவோ முழு மாடு இல்லாத மாதிரி. நானே வாங்குகிற பக்கம் நின்றால் அதைச் சொல்லித்தான் தட்டுவேன், விற்கிற பக்கம் நின்றால் கொம்பையா கறக்கப்போறீங்க என்பேன். இரண்டு பக்கமும் என் வாய்தான்.

சுவரில் ஒரு படம் தொங்குகிறது. தவளை எப்படித் தவளையாகிறது என்று வட்டமாக வரைந்து தமிழிலும் இங்கிலீசிலும் பேர் எழுதியிருக்கிறார்கள். முட்டை, அப்புறம் தலைப்பிரட்டை, அப்புறம் கால் முளைத்தது, அப்புறம் தவளை. தலைப்பிரட்டைக்குக் கீழே இங்கிலீசைக் கூட்டினேன், டாட்போல். இங்கேயும் போல். கிணற்றில் கல்லைப் போட்டால் தண்ணீர் அலம்புகிற மாதிரி உள்ளே ஒரு அலம்பல். பேசக் கூடாதென்றால் என்ன, ஓட்டைப் பற்றிப் பேசினால்தானே தப்பு, தவளையைப் பற்றிக் கேட்கலாம். டீச்சர் தாராபுரத்தில் இங்கிலீசு எடுக்கிறவராம், விரலுக்கு மை வைக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், அவருக்கும் மத்தியானம் போகவில்லை. அந்தப் போலும் என் அட்டையில் இருக்கிற போலும் ஒன்றா என்று கேட்டேன். முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் படத்தைப் பார்த்தார், அப்புறம் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது, ஆமாண்ணா, அந்தப் போலும் இதுதான், தேரைத் தலை, தலையே உடம்பா இருக்கறதால அந்தப் பேரு என்றார். கல்லூரியில் எப்போதோ படித்தது, இத்தனை வருசத்தில் ஒருத்தரும் கேட்கவில்லையாம், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். முதலில் அந்தச் சொல்லுக்குத் தலை, உச்சி மயிர் என்றுதான் அர்த்தமாம். தலைமயிரை ஒட்ட வெட்டினாலும் அதே சொல், மரத்தின் உச்சியைக் கழித்தாலும், கொம்பைத் தீய்த்தாலும் அதே சொல். அப்புறம் கூட்டத்தில் தலையை எண்ணுவதற்கு அந்தப் பேர் வந்தது, எந்தப் பக்கம் எத்தனை தலை என்று எண்ணுவதுதான் ஓட்டு. அப்புறம் எண்ணுகிற இடத்துக்கே அந்தப் பேர். இப்போது பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு ஊரே இப்படித்தான் நினைக்கிறது என்று டீவியில் சொல்கிறார்களே, அதற்கும். நாலு மாட்டின் பல்லைப் பார்த்துவிட்டு மந்தைக்கே விலை சொல்கிற மாதிரி என்றேன், டீச்சர் சிரித்தார். தலைக்கு இவ்வளவு என்று இங்கிலீசுக்காரன் சீமையில் முன்னே ஒரு ராசா வரி போட்டானாம், சனம் மண்வெட்டியும் கம்புமாக ராசா இருக்கிற பட்டணத்துக்கே கிளம்பிப் போய்விட்டதாம். அந்த வரிக்கும் இதே சொல்தான். வரி என்றதும் எனக்குத் தவளை போய்விட்டது, ராசா போய்விட்டான், கிட்டம்மாள் கடலை உடைக்கிற சத்தம் போய்விட்டது, தலைவரி, தலைக்கட்டு வரி, வேலாத்தாள்.

அதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்காத விசயம், அதில்தான் புத்தி போய்ப் போய்ச் சிக்குகிறது. மாரியாத்தா கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி, கல்யாணமான ஆம்பிளை இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு, முழு வரி, கிடாய் வெட்டினால் கறியில் முழுப் பங்கு. புருசன் இல்லாதவள் வீடு அரைக்கட்டு, அரை வரி, அரைப் பங்கு. வேலாத்தாள் புருசன், சென்னிமலை என்று பேர், கிணற்று மோட்டார் போடப்போய்க் கரண்டு அடித்துச் செத்த வருசத்திலிருந்து அவள் வீடு அரைக்கட்டு. ஒற்றை மாட்டில் ஆரம்பித்தவள், இன்றைக்கு அவள் தொழுவத்துப் பால் இல்லாவிட்டால் சொசைட்டிக் கேன் பாதி காலி. போன நோம்பிக்கு முன்னால் கோயிலில் ஊர் கூடியிருக்கும்போது எழுந்து நின்று, எனக்கு முழுக்கட்டு எழுதுங்க என்றாள். திருமூர்த்திதான் தர்மகர்த்தா. ஏன் அம்மிணி, குறைச்சுத்தானே போட்டிருக்குது, கூட்டிப் போடச் சொல்றியே, கிறுக்குப் புடிச்சுப்போச்சா என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் விளங்கவில்லை, சாமி சத்தியமாக விளங்கவில்லை, பேரம் பேசியே தலை நரைத்தவன் நான், விலையைக் கூட்டு கூட்டு என்று வாங்குகிறவளே சண்டை போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் என் தங்கச்சியைப் பார்த்துப் பல்லைக் காட்டியவன் ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டேன், பொத்தான் தெறித்துவிட்டது, அது வேறு. தலைன்னா ஆம்பிளைத் தலைதான் அம்மிணி, அது நாம வெச்ச சட்டமில்ல என்று திருமூர்த்தி சொன்னான், சாந்தமாகத்தான் சொன்னான், அவன் எதையும் சாந்தமாகத்தான் சொல்வான். அப்போது அவள் சொன்னாள், “பழனியில எனக்கு முழு மொட்டைதானுங்களே அடிச்சாங்க. அரை மொட்டையா அடிச்சாங்க?” சிரிப்பு அங்கே நின்றது. அரைக்கட்டு என்றுதான் எழுதினார்கள். நோம்பிக்கு அவள் வீட்டுக்கு வந்த அரைப் பங்குக் கறியை அதே இலையோடு கொண்டுபோய்க் கோயில் படியில் வைத்துவிட்டு வந்தாள், காக்காய்கூடக் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் கிட்டப் போனது. முழு மொட்டை. இப்போது டீச்சர் சொல்கிறார் போல் என்றால் தலை மழிப்பதும்தான் என்று. கடல் தாண்டி எவனோ மழிக்கிறதுக்கும் எண்ணுகிறதுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறான், என் தங்கச்சி அந்தச் சொல் தெரியாமலேயே இரண்டையும் ஒன்றாக முடிந்து ஊர் முகத்தில் எறிந்திருக்கிறாள். அவள் காசைக் கூட்டிக் கேட்கவில்லை. எண்ணு என்று கேட்டிருக்கிறாள். சுத்த மடையன், இதற்குத் தவளைப் படம் தேவைப்பட்டிருக்கிறது எனக்கு.

விளங்கிவிட்டால் மட்டும் என்ன, கை கொடுத்தாகிவிட்டதே. தேர்தல் தேதி சொன்ன வாரமே திருமூர்த்தி சந்தைக்கு வந்தான், வார்டு பொம்பளைகளுக்கு ஒதுக்கியாச்சு, சாந்தாமணியை நிறுத்தறேன், பூத்துல அவளுக்கு நீதான் உக்காரோணும், உன்னாட்டம் முகம் பார்த்தே ஆளைச் சொல்றவன் யாரு இருக்கறா என்றான். சொல்லிக்கொண்டே விளையாட்டாகத் துண்டை எடுத்து எங்கள் இரண்டு கைக்கும் மேலே போட்டான். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வது, எந்த விரல், எத்தனை விரல், எத்தனை தடவை அமுக்கு என்பதில் எல்லாம் இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். கையை முழுதாக அமுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. நான் அமுக்கினேன். அப்போது வேலாத்தாள் நிற்கிற பேச்சே இல்லை. மனு கொடுக்கக் கடைசி நாள், கடைசி ஆளாகப் போய்க் கொடுத்திருக்கிறாள், சீப்புச் சின்னம். கேள்விப்பட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன், அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, கை கொடுத்துட்டீல்லண்ணா, போய் உக்காரு, உன்ர தொழிலே அதுதான என்றாள். அதோடு முடித்துவிட்டாள். அப்புறம் வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள், கோயிலில் சிரித்தவன் வீட்டுக்குக்கூடப் போனாள், சாந்தாமணியிடமே போய் உன்ர ஓட்டை எனக்குப் போடக்கா என்று கேட்டாளாம், அவளும் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தாளாம். என் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள். ஜன்னலில் நின்று பார்த்தேன், எங்கள் வாசலுக்கு வந்ததும் கூட வந்த சனத்தைத் தெருவின் எதிர்ப்பக்கமாக அக்கட்டப் போகச் சொல்லி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலைப் பாராமல் நடந்தாள். அது என்ன மரியாதையா, அவமானமா. வந்து கேட்டிருந்தால் முடியாதென்று ஒரு கத்து கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். கேட்காமல் போனது முள்ளாக உள்ளேயே நிற்கிறது.

நான் கொடுத்தது என்ன. அதைப் பார்க்க வேண்டும். சரக்கைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் கோபம் அடங்கும், அது என் பழக்கம். பூத்துல உக்காரோணும் என்றான், உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்காரவில்லை, திருப்பூருக்குப் போய்விட்ட ஒருத்தன் பேரில் காலையில் ஓட்டுப் போட வந்த பையனை, ஏன்டா நீ அவன் இல்லையே என்று மறித்து அனுப்பினேன், அது வேலாத்தாளுக்கு விழுகிற ஓட்டு, கிட்டம்மாள் மூஞ்சி சுண்டிப்போனது. மாட்டை ஒழுங்காக ஓட்டிக்கொண்டு வந்து அவன் வாசலில் கட்டியாகிவிட்டது. ஓட்டு? அதை அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுக்க வேண்டுமா. இங்கேதான் இடிக்கிறது, ஏனென்றால் இந்த நியாயத்தை நான் ஒரு தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். கன்றோடு நின்ற பசுவைப் பேசி முடித்த பிறகு விற்றவன், பேச்சு மாட்டுக்குத்தான், கன்னுக்கு இல்லை என்றான், சந்தையே பார்க்க ஒரு அறை விட்டேன். மடியில் வாய் வைத்திருக்கிற கன்று மாட்டோடு போகும், அதைத் தனியாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் கயிறு போகாது. எவ்வளவு பெரிய விலைக்கு விற்றாலும் தலைக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டுதான் விற்றவன் வீடு போவான், வாங்கினவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிக்கொள்ள வேண்டும், அதையும் யாரும் பேசுவதில்லை. ஆக, பேசாமல் போகிறதும் உண்டு, பேசாமல் நிற்கிறதும் உண்டு. என் ஓட்டு கன்றா, கயிறா. கன்றாக இருந்து அதை நான் கொடுக்காமல் விட்டால் நாளைக்கு என் துண்டுக்குள் ஒருத்தனும் கை விட மாட்டான், நான் அறைந்தவன்கூட வந்து என்னை அறையலாம், இத்தனை வருசம் பொய் பேசியிருப்பேன், சத்தம் போட்டிருப்பேன், கொடுத்த கையை மட்டும் மாற்றியதில்லை. வாசலில் நிழல் விழுகிறது, திருமூர்த்தி. உள்ளே வரக் கூடாது, அங்கேயே நின்று எட்டிப் பார்க்கிறான், முகத்தில் அதே சாந்தம், என்ன, முடிஞ்சுதா என்று தலையைத்தான் அசைக்கிறான். போலீஸ்காரர் தள்ளி நிற்கச் சொல்கிறார். அவன் கண் என்னைத் தாண்டி அந்த மூலைக்குப் போகிறது, அட்டை வைத்து மறைத்த மேசை. அங்கே அவன் கண் முட்டிக்கொண்டு நிற்கிறது. நானும் பார்த்தேன். பெரிய அட்டை, அதற்குப் பின்னால் யார் என்ன செய்தாலும் முதுகுதான் தெரியும். துண்டுக்கடியிலாவது இரண்டு கை இருக்கும், விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும். இந்த அட்டைக்குப் பின்னால் ஒரே கைக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கவோ மடியைத் தொட்டுப் பார்க்கவோ வாங்குகிறவனுக்கு விடாத சரக்கு எந்தச் சந்தையில் பேரத்துக்கு வந்திருக்கிறது. வரவே இல்லை. வந்திருந்தால் மறைத்திருக்க மாட்டார்கள்.

எழுந்துவிட்டேன். கிட்டம்மாள் கடலையைக் கீழே வைத்துவிட்டாள். டீச்சர் இடது கையை நீட்டச் சொன்னார், வலது கையை நீட்டிவிட்டேன், சந்தைப் பழக்கம், அப்புறம் மாற்றி நீட்டினேன், மை குளிர்ந்தது. பஞ்சாயத்துத் தேர்தலென்றால் நாலு சீட்டு, நாலு நிறம், வார்டுக்கு வெள்ளை. அட்டைக்குப் பின்னால் நின்றபோது பாவி மனசு திரும்பவும் அந்தச் சொல்லுக்குத்தான் ஓடியது, தலை, தேரைத் தலை, மோழைத் தலை, மழித்த தலை, இத்தனை தலையும் உருண்டு வந்து கடைசியில் இந்தத் துண்டுக் காகிதத்தில் என்னுடையதாக ஒன்று. இங்கே அரைச் சீட்டு கிடையாது. மற்ற மூன்றையும் முடித்துவிட்டு வெள்ளையில் முத்திரையை அழுத்தினேன், துண்டுக்கடியில் பேரத்தை முடிக்கிற அழுத்தம், மை மறுபக்கம் படாமல் மடித்தேன், பெட்டிக்குள் விட்டேன், சத்தமே இல்லை. கிட்டம்மாள் ஸ்கேல் வைத்து என் பேரில் கோடு போட்டாள். மாமா கணக்கும் தீர்ந்துதுங் என்றாள். பெட்டிக்கு முத்திரை வைக்கிறவரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், சாந்தாமணியின் ஏஜென்டாக, கையெழுத்து வரைக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அட்டையைக் கழற்றினேன்.

சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் வேலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள், பால் கறக்கிற நேரம் தாண்டிவிட்டது, தூரத்தில் அவள் மாடு கத்துவது கேட்டது. சாப்பிட்டியாண்ணா என்றாள். ஊர்ல ஒரு நாயி வீடு விடாமக் கேட்ட, என்ர வீட்டை மட்டும் ஏன் தாண்டிப் போன என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதறவில்லை. கை கொடுத்த ஆளைக் கேட்டா நீ என்னண்ணா சொல்லுவ என்றாள். நான் விரல் மையைப் பார்த்தேன், காய்ந்து நகக்கண்ணில் கறுத்துக் கிடந்தது. “மாட்டைத்தான் கொடுத்தேன் அம்மிணி. கயிறு என்ர தோள்லதான் கிடக்குது.” அவள் என் தோளைப் பார்த்தாள், அங்கே துண்டுதான் கிடந்தது, ஆனால் அவளும் மாடு விற்கிறவள், விற்ற நாளெல்லாம் கயிற்றோடு வீட்டுக்கு நடந்தவள். முக்காடு நழுவியது, பழனிக்கு அப்புறம் முளைத்த முடி, பாதி நரை. இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

“முழுசாவாண்ணா?” என்றாள்.

“முழுசா,” என்றேன். மாடு திரும்பக் கத்தியது. கறக்க நடந்தாள்.